ஆதிச்சநல்லூரும் 'எம்' தாய்வழி மரபும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் மனித குலத்தின் மிகப் பழைய தாய்வழி மரபொன்றையும் இணைத்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பொருநைக் கரையின் தொன்மைக்குத் தாங்கள் தொடர்ந்து பக்கங்கள் ஒதுக்கி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அக்கட்டுரை, 'எம்' என்ற தாய்வழி மரபுக்குழுவையும் (ஒரே மூதாயின் வழிவந்தோர் தொகுதியையும்) 'எம்130' என்ற தந்தைவழி அடையாளத்தையும் ஒன்றென மயங்கி, அம்மயக்கத்தின் மேல் நின்றுகொண்டு, உலக மாந்தர் அனைவர்க்கும் முதல் தாயானவள் தாமிரபரணிக் கரையில் வாழ்ந்தாள் என்ற முடிவையும் சொல்லிவிட்டது. பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரி தனியே பிரிந்து கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டதால், உண்மை நிலையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எம்130 என்பது ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மாற்றத்தின் பெயர். ஒய் குரோமோசோம் ஆண்களுக்கு மட்டுமே உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். மதுரையை அடுத்த ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் இந்த அடையாளம் காணப்பட்டதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகுக்கு எடுத்துக் காட்டினர். தென்னிந்தியக் கரையோரமாக ஆதி மனிதர் ஆஸ்திரேலியா வரை சென்றனர் என்ற கருத்துக்கு அது ஒரு சான்றாக வைக்கப்பட்டது. அந்தப் பெயரில் வரும் 'எம்' என்பது ஒய் குரோமோசோமில் கண்டறியப்பட்ட மாற்றங்களுக்கு வரிசை எண் இடும்போது முன்னால் சேர்த்த எழுத்து, அவ்வளவுதான். எம்168, எம்89, எம்17 என்று அந்த வரிசை நீளும். தாய்வழி மரபுக்குழுக்களின் பெயர்களோ வேறொரு பட்டியலைச் சேர்ந்தவை; அமெரிக்கப் பழங்குடியினரிடம் கண்ட நான்கு கிளைகளுக்கு ஏ, பி, சி, டி எனப் பெயரிட்டதில் தொடங்கி, பின்னர் கண்டவற்றுக்கு அடுத்தடுத்த எழுத்துகளை அளித்த பட்டியல் அது. போதாக்குறைக்கு, தந்தைவழிக் குழுக்களிலும் 'எம்' என்று ஒன்று தனியே இருக்கிறது. அது நியூ கினியாத் தீவு மக்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. எழுத்து ஒன்றாயிருப்பதைக் கொண்டு உறவு பேசினால் நெல்லைச் சீமையையும் நியூ கினியாவையும் கூட ஒரே நாளில் சம்பந்தியாக்கி விடலாம்.

தாய்வழி மரபு என்று சொல்லப்படுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ.வைச் சார்ந்தது. உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே, ஆற்றல் உண்டாக்கும் பணியில் இருக்கும் இந்தச் சிறு உறுப்புகள் தமக்கெனத் தனி டி.என்.ஏ. வைத்திருக்கின்றன. மனிதனில் அது 16,569 எழுத்துகளும் (டி.என்.ஏ.வின் வேதிக் கூறுகளை எழுத்துகள் என்பது வழக்கம்) 37 மரபணுக்களும் கொண்ட வளையம். உட்கருவிலோ சற்றேறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன. குழந்தைக்கு இந்த வளையம் தாயின் கருமுட்டை வழியாகவே வருகிறது. மகன், மகள் இருவருக்கும் கிடைக்கும். ஆனால் மகள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். தென்மாவட்டத்தார்க்கு இதைப் புரியவைப்பது கடினமே இல்லை. கொண்டையங்கோட்டை மறவர் முதலான சில சமூகங்களில் கிளை என்பது தாயைக் கொண்டே அமைகிறது: ஆண்பிள்ளைக்கும் தாயின் கிளைதான், ஆனால் அவன் பெற்ற பிள்ளைகள் அவன் மனைவியின் கிளையைச் சேர்வார்கள், ஒரே கிளைக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. மைட்டோகாண்ட்ரியா செல்லும் பாதை அணுவளவும் மாறாமல் இதுவே. உயிரணுவில் கிளை மாறாது, ஊரில் தத்தெடுப்பும் பிறவும் உண்டு என்பது மட்டுமே வேறுபாடு.

நம் ஊர்த் திருமண உறவுகளை இந்தப் பாதையில் வைத்துப் பார்த்தால் சில சுவையான கணக்குகள் கிடைக்கின்றன. அக்காள் மகளை மணந்தவருடைய வீட்டில், தகப்பனின் தாய்வழி வரிசையும் பிள்ளையின் தாய்வழி வரிசையும் ஒன்றாகவே இருக்கும். ஆயினும் அது தகப்பன் கொடுத்ததன்று, அவரைப் பெற்ற ஆச்சியிடமிருந்து இருவருக்கும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தது. அத்தை மகளை மணந்தால், பிள்ளைக்கு வருவது தகப்பனின் அப்பாவைப் பெற்ற பூட்டியின் வரிசை. தாய்மாமன் மகளை மணந்தாலோ, மாமனுக்கு வாழ்க்கைப்பட்டு வெளியிலிருந்து வந்த பெண்ணின் வரிசையே வரும். மாமன் நெருங்கிய சொந்தமாயிருந்தும் அவர் பங்கு அதில் ஒன்றுமில்லை. இரத்த உறவின் நெருக்கமும் தாய்வழி மரபும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு பெண்ணுக்கு மகன்களே பிறந்தால் அவள் வரிசை அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். இப்படிக் காலந்தோறும் பல வரிசைகள் அற்றுப்போக, எஞ்சியவற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால் என்றோ ஓரிடத்தில் எல்லாம் ஒரே பெண்ணிடம் சென்று கூடும். ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு, அப்படிப்பட்ட பெண் ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' என்று பத்திரிகைகள் அவளுக்கு இட்ட பெயரே இத்தனை குழப்பத்துக்கும் வித்திட்டது. அவள் உலகின் முதல் பெண் அல்லள். அவள் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வாழ்ந்தனர், அவர்களுள் பலரின் மரபணுக்களும் மகன்கள் வழியாக நம்மிடம் உள்ளன. இடையறாத மகள் வரிசை அவளுடையது மட்டுமே இன்றுவரை நீண்டது. அவள் காலம் இன்றைக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன். 'எம்' குழுவின் மூதாய் அவளுக்கு நெடுங்காலம் பிற்பட்டவள். ஆகவே தங்கள் கட்டுரையின் 'முதல் தாய்' என்ற சொல், எம்130 பற்றிய பிழையை நீக்கிய பிறகும் நிற்காது.

இனி 'எம்' குழு. ஆப்பிரிக்காவில் வழங்கும் தாய்வழிக் குழுக்கள் 'எல்' என்ற எழுத்தால் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் எல்3 என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகக் கருதப்படும் கிளை. அதிலிருந்து பிரிந்தவையே 'எம்', 'என்' என்னும் இரு பெருங்கிளைகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உலகம் முழுவதும் பரவியிருக்கும் பழங்குடி மக்கள் முதல் நகரத்து மக்கள் வரை அனேகமாக அனைவரும் இவ்விரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர்களே. ஐரோப்பியரின் குழுக்கள் பெரும்பாலும் 'என்' கிளையிலிருந்து எழுந்த 'ஆர்' என்ற உட்கிளையில் அடங்கும். 'எம்' குழுவை இனங்காட்டுவன நான்கு பிறழ்வுகள்: வளையத்தின் 489, 10400, 14783, 15043 ஆகிய இடங்களில் எழுத்து மாறியிருப்பது. இந்த மாற்றங்களால் உடலுக்கு உயர்வோ தாழ்வோ இல்லை.

இக்குழுவின் வயதைப் பிறழ்வுகளின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். வளையம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சற்றேறக்குறைய மூவாயிரம் முதல் நாலாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு பிறழ்வு என்பது பொதுவான மதிப்பீடு. இந்த வேகத்தைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் வயது பல்லாயிரம் ஆண்டுகள் நகர்ந்துவிடும். எனவேதான் 'எம்' குழுவின் வயது ஓர் ஆய்வில் 50,000 ஆண்டுகளை ஒட்டியும் மற்றோர் ஆய்வில் 60,000 ஆண்டுகளைத் தாண்டியும் வருகிறது. கட்டுரையில் இருப்பதுபோல் ஒற்றை எண்ணை ஐயத்துக்கு இடமின்றி அச்சிடுவது சரியன்று.

பிறந்த இடம் குறித்த வாதம் இதைவிடச் சிக்கலானது. 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, எத்தியோப்பியரிடமும் 'எம்' இருப்பதைச் சுட்டி, இக்குழு கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே பிறந்து கடலோரமாக ஆசியாவுக்கு வந்தது என்று சொன்னது. ஆனால் ஆப்பிரிக்காவில் உள்ளது எம்1 என்ற ஒரே உட்கிளைதான். ஒரு மரபு நெடுங்காலம் தங்கியிருந்த நிலத்தில் அதன் உட்கிளைகள் பலவாகப் பல்கியிருக்க வேண்டும் அல்லவா? 2006-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எம்1 மேற்காசியாவிலிருந்து சுமார் நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிச் சென்ற கிளை என்று காட்டியது. இதற்கு மாறாக, இந்தியத் துணைக்கண்டத்தில் எம்2, எம்3, எம்5, எம்6 எனத் தொடங்கிப் பல உட்கிளைகள் வேர்விட்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர், சில கணக்குகளின்படி 60 விழுக்காட்டை ஒட்டியவர்கள், 'எம்' குழுவினர். அவற்றுள் மிகப் பழையனவற்றில் ஒன்றாகிய எம்2 தென்னிந்தியாவில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே இக்குழு துணைக்கண்டத்திலோ, ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறி இங்கு வரும் வழியிலோ தோன்றியிருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். இன்னும் கிழக்கே தோன்றி மேற்கு நோக்கி வந்தது என்போரும் உள்ளனர். தங்கள் கட்டுரையாளர் பெருமைப்படுவதற்கு இந்த உண்மையே தாராளமாகப் போதும். ஆனால் 'துணைக்கண்டத்தில்' என்று ஆய்வாளர் சொல்வதை 'தாமிரபரணிக் கரையில்' என்று சுருக்க எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

பரவிய கதை வியப்பளிப்பது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் அவர்கள் குழுவினரும் 2005-ல், அந்தமானின் ஓங்கி மக்களிடமும் பெரிய அந்தமானியரிடமும் எம்31, எம்32 என்ற உட்கிளைகளைக் கண்டனர். அதே ஆண்டில் மலேசியப் பழங்குடியினரைப் பற்றிய ஆய்வும் வெளிவந்து, இந்தியப் பெருங்கடலின் கரையோரமாக ஒரே விரைவான பரவலில் ஆசியாவின் தென்பகுதி நிரம்பியது என்ற கருத்தை முன்வைத்தது. எம்31-க்கு நெருங்கிய உறவுக்கிளை பின்னர் இந்தியாவின் கிழக்குப் பகுதியிலும் தென்பட்டதால், அந்தமானுக்கு மனிதர் எப்போது, எவ்வழியே சென்றனர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 2009-ல் இந்திய மானிடவியல் மதிப்பாய்வகத்தினர், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் உள்ள எம்42 கிளையின் உறவை இந்தியப் பழங்குடிகள் சிலரிடம் கண்டு வெளியிட்டனர். நியூ கினியாவின் 'கியூ', சப்பானிலும் கொரியாவிலும் மிகுந்துள்ள 'டி', ஆசியாவையும் அலாஸ்காவையும் அன்று இணைத்திருந்த பெரிங் நிலப்பகுதி வழியாக அமெரிக்கா சென்ற 'சி'யும் 'டி'யும் எல்லாம் 'எம்' என்ற அதே அடிமரத்தின் கிளைகளே. பெருவின் மலைக்கிராமத்துப் பெண்ணொருத்தியும் வள்ளியூர்ப் பெண்ணொருத்தியும் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே பாட்டிக்குப் பேத்திகளாக இருக்கக் கூடும்.

ஐரோப்பாவின் நிலை வேறு. இன்றைய ஐரோப்பியரிடம் 'எம்' அரிதினும் அரிது என்பதால், அம்மக்களின் முன்னோர் தனியே வேறொரு பயணமாக வெளியேறினர் என்று முன்பு எண்ணப்பட்டது. 2016-ல் வெளிவந்த ஆய்வொன்று, பனியூழி உச்சமடைவதற்கு முன் பெல்ஜியம், பிரான்சு நிலங்களில் வாழ்ந்த மூவருடைய எலும்புகளில் 'எம்' இருப்பதைக் காட்டிற்று. பனி மூடிய காலத்தில் அங்கு மக்கள் தொகை சுருங்கியபோது அந்த வரிசை அற்றுப்போனது. இன்று ஓரிடத்தில் இல்லாதது அன்றும் அங்கு இல்லை என்று சொல்லக்கூடாது. இன்று ஓரிடத்தில் மிகுந்திருப்பது அங்கேதான் பிறந்தது என்றும் சொல்லக்கூடாது. தங்கள் கட்டுரை செய்தது இந்த இரண்டாவது பிழையை.

ஆதிச்சநல்லூருக்கு வருகிறேன். 1986-ல் மாவட்டம் பிரிந்து தூத்துக்குடியில் சேர்ந்துவிட்டாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான். 1876-ல் செருமானியர் ஜாகோர் அங்குத் தோண்டிப் பல பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் அகழ்ந்தார். 2004-05-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. இவையெல்லாம் மூவாயிரம் ஆண்டுகளை ஒட்டிய செய்திகள். 'எம்' குழுவோ அதைப்போல் பதினைந்து, இருபது மடங்கு பழையது. நாளை ஒரு தாழியின் எலும்பில் 'எம்' கிடைத்தால் அதில் வியப்பில்லை. இன்றைக்கும் தென்காசிச் சந்தையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோரிடம் இருக்கக்கூடியதுதான் அது. கிடைக்காவிட்டாலும் ஆதிச்சநல்லூரின் சிறப்பு ஒரு மணியளவும் குறையாது. அரியானாவின் ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒரே ஒரு பெண்ணின் மரபணுவைத்தான் 2019-ல் வெளியிட முடிந்தது. அவளது தாய்வழிக் குழு 'எம்' அன்று, 'ஆர்' பிரிவைச் சேர்ந்த யு2பி2. அதுவும் துணைக்கண்டத்துப் பழங்கிளைதான். வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகின்றன. ஓர் உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான படிகளாக இருப்பதால் உட்கரு டி.என்.ஏ. அழிந்த எலும்பிலும் அது சில நேரம் தப்பிப் பிழைக்கிறது. தாழி எலும்புகளில் நம்பிக்கை வைக்க அது ஒன்றே காரணம்.

ஐம்பதாயிரம் ஆண்டுக் காலத்துக்கு நம் பக்கத்துச் சான்று வேண்டுமானால் தாழிக்காட்டை விட்டுக் கடல் பக்கம் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடப் பல பத்து மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. கரையோரமாக நடந்தவர்கள் தங்கிய இடங்கள் பெரும்பாலும் மன்னார் வளைகுடாவின் நீரடியில் போய்விட்டன. எஞ்சியது இலங்கையின் குகைகள்தான்: பாகியன்லென குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டு வாழ்ந்த மனிதரின் தடயங்கள் 2019-ல் வெளியிடப்பட்டன. நம் பக்கத்தில் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை 1956-ல் சாய்னரும் ஆல்ச்சினும் ஆராய்ந்து எழுதினர். அவற்றை அவர்கள் சில ஆயிரம் ஆண்டுப் பழமையுடையனவாகவே மதிப்பிட்டனர். தேரிக்காடுகளில் மணல் அள்ளுவது பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, அம்மணலுக்குள் இக்கருவிகள் கிடப்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

கட்டுரையின் இறுதிப் பத்தி, இந்தத் தாய்வழி மரபைத் தமிழ் மொழியோடும் குறிப்பிட்ட சில சமூகங்களோடும் இணைக்கிறது. இதை மட்டும் என்னால் மெல்லச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. திராவிட மொழிக் குடும்பத்தின் வயதாகக் கணக்கிடப்படுவது சுமார் 4,500 ஆண்டுகள். 'எம்' குழுவின் மூதாய் பேசிய பேச்சை எந்த மொழியின் பெயரால் அழைக்கவும் எவராலும் முடியாது. சாதியைப் பொறுத்தவரை, 2003-ல் வெளிவந்த முக்கியமான ஆய்வு, எம்2 போன்ற பழங்கிளைகள் பழங்குடியினரிடமும் மற்றச் சாதியினரிடமும் ஒருங்கே இருப்பதையே காட்டியது. ஒருவருக்குப் பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு; தாய்வழி வளையம் அவர்களுள் ஒரே ஒருத்தியைப் பற்றித்தான் பேசுகிறது. மீதி 1,023 பேரையும் விட்டுவிட்டு அந்த ஒருத்தியைக் கொண்டு ஒரு சமூகத்துக்குப் பட்டயம் எழுதுவது அறிவியலாகாது. மண்டையோட்டை அளந்து இனம் பிரித்த காலம் ஒன்று இருந்தது; ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளையும் 1930-ல் சுக்கர்மன் அப்படி அளந்து எழுதினார். அதே பழக்கத்தை மரபணுவின் பெயரால் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

ஆதிச்சநல்லூர், சிவகளை எலும்புகளின் மரபணு முடிவுகள் என்றேனும் முழுமையாக வெளிவரும்போது, தங்கள் செய்தியாளர்கள் சில கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும்: கிடைத்தது தாய்வழி வரிசையா, தந்தைவழி வரிசையா, உட்கருவின் டி.என்.ஏ.வா, வளையம் முழுவதும் படிக்கப்பட்டதா, சிறு பகுதி மட்டுமா, காலம் கணிக்கப்பட்டது அந்த எலும்புக்கா, பக்கத்தில் கிடந்த கரிக்கா, அகழ்ந்தவர்கள், ஆய்வுக்கூடத்தில் தொட்டவர்கள் ஆகியோரின் டி.என்.ஏ. கலக்கவில்லை என்பது எப்படி உறுதி செய்யப்பட்டது. கடைசிக் கேள்விக்குச் சரியான விடை இல்லையென்றால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை.

உடனடியாக வேண்டுவது ஒன்றுதான். எம்130 தாய்வழி அடையாளம் அன்று, 'எம்' குழுவின் மூதாய் உலகின் முதல் தாயும் அல்லள் என்ற இரண்டு வரிகளை, கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தமாக வெளியிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து அறிவியல் கண்காட்சிக்கு அட்டைகள் தயாரிக்கும் பிள்ளைகள் தங்கள் கட்டுரையைத்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.